வெள்ளம் உண்டோ? வெள்ளம் கேறுமோ?

அத்தியாயம் 5: திருவனந்தபுரத்தில் நம் கைக்கு எட்டும் வாடகையில் வீடு

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ‘வெள்ளம் உண்டோ?’ என்று வீட்டுக்காரரிடம் கேட்டால், தண்ணீர் வசதி இருக்கிறதா என்று பொருள். ‘வெள்ளம் கேறுமோ?’ என்று கேட்டால், மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறுமா என்று பொருள். திருவனந்தபுரத்தில் வாடகை வீடு தேடும் தமிழர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் வீடு பார்த்தபோது நான் முதல் கேள்வியை மட்டுமே கேட்டேன்.

கண்ணம்மூலைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த தரைத்தள வீடு அது. இரண்டு படுக்கையறை, முன்னால் சிட்டவுட், சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவவும் விறகடுப்பு மூட்டவும் ஒரு வொர்க் ஏரியா. அக்கம்பக்கத்தில் கேட்ட வாடகையைவிட 3,000 ரூபாய் குறைவு. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் புதுப் பெயிண்ட், அதற்கு மேலே பழைய பெயிண்ட். முன்பு இருந்தவர்களின் பிள்ளைகள் கிறுக்கியிருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன்.

அந்த வருடம் அக்டோபர் 14 இரவு பிடித்த மழை விடிவதற்குள் தோட்டை (ஓடையை) நிரப்பிவிட்டது. மூன்று மணிக்கு மனைவி உலுக்கி எழுப்பினாள். கட்டிலிலிருந்து காலை இறக்கினால் கணுக்கால் வரை தண்ணீர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறினோம். சமையலறையில் காஸ் சிலிண்டர் மிதந்து கதவில் முட்டும் சத்தம் விடியும் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் வடிந்தபின் பார்த்தேன். சுவரில் சேறு படிந்த கோடு, அந்தப் புதுப் பெயிண்டின் விளிம்பில் வந்து நின்றிருந்தது. துடைப்பத்தோடு உதவ வந்த எதிர்வீட்டு அம்மாவிடம், இதற்கு முன்பும் ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். ‘சோதிச்சிருந்நெங்கில் பறஞ்ஞேனே, மோனே’ என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, மகனே.

யாரிடம் எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. பணம் கைமாறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வாடகை மட்டும் கணக்கு ஆகாது

மாதத்துக்கு எவ்வளவு வரை தாங்கும் என்பதை வீடு தேடப் புறப்படும் முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். வாடகை, போக்குவரத்து, கரண்ட், தண்ணீர், ஃப்ளாட்டாக இருந்தால் மெயின்டனன்ஸ், அட்வான்ஸுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி என எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகைதான் அந்த வீட்டின் உண்மையான வாடகை.

ஓர் எடுத்துக்காட்டு. வேலை கழக்கூட்டத்தில். பக்கத்தில் இருக்கும் வீட்டைவிட 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீடு 4,000 ரூபாய் குறைவு. பைக்கில் போய்வர நாளுக்கு 40 கிலோமீட்டர்; 24 வேலை நாளுக்கு 960 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 105 ரூபாய் என்று வைத்தால் சுமார் 2,240 ரூபாய். மிச்சம் 4,000 இல்லை, 1,760தான். அதற்கு விலையாக ஒவ்வொரு நாளும் சாலையில் இரண்டு மணி நேரம், மழைக்காலத்தில் அதற்கும் மேலே. அதே தூரத்து வீடு ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தொலைவில் இருந்தால் கணக்கே வேறு. மாத சீசன் டிக்கெட் பெட்ரோல் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

அட்வான்ஸையும் இப்படியே அளக்கலாம். ஒரு வீட்டுக்கு 30,000, இன்னொன்றுக்கு ஒரு லட்சம் கேட்கிறார்கள். கூடுதல் 70,000 ரூபாயை 12 சதவீத வட்டிக்கு நகையை வைத்துப் புரட்டினால் ஆண்டுக்கு 8,400, மாதத்துக்கு 700 ரூபாய். வாடகையோடு அதைச் சேர்த்துப் பாருங்கள்.

எந்தப் பக்கம் தேடுவது

கவடியார், வெள்ளயம்பலம், சாஸ்தமங்கலம், பட்டம், வழுதக்காடு ஆகிய இடங்கள் நகரத்தின் விலை உயர்ந்த பகுதிகள். குறைந்த வாடகை தேடுகிறவர்கள் அங்கே நாளைச் செலவழிக்க வேண்டாம்.

1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தையும் காரியவட்டத்தையும் முழுக்க மாற்றிவிட்டது. ஆட்களுக்கு ஏற்ப வாடகையும் ஏறியது. அங்கே வேலை கிடைத்தவர்கள் வளாகத்தை ஒட்டித் தேடுவதைவிட ஸ்ரீகாரியம், பாங்கப்பாறை, செம்பழந்தி, போத்தன்கோடு, கணியாபுரம் என்று ஒரு வட்டம் தள்ளித் தேடலாம். பள்ளிப்புறத்தில் இருக்கும் டெக்னோசிட்டிக்குப் போகிறவர்களுக்குக் கணியாபுரமும் மங்கலபுரமும் நகரத்தைவிட அருகில்.

அரசு அலுவலகங்கள், கடைத்தெரு, கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையம் பக்கம் வேலை என்றால் தெற்கே பாருங்கள். கரமனை, மணக்காடு, பாப்பனங்கோடு, நேமம் வரிசையில் பேருந்துக்குக் குறைவில்லை. தமிழ் பேச்சும் காதில் விழும். 1795-இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே வந்தது. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டமும் இந்த ஊரும் ஒரே ஆட்சியில் இருந்தன. கரமனை, வலியசாலை, கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரங்களும், எழுத்தாளர் ஆ. மாதவன் கதைகளாக்கிய சாலைக் கடைத்தெருவும் அந்தப் பழைய தொடர்பின் மிச்சங்கள். பிள்ளைகளைத் தமிழ்வழியில் படிக்கவைக்க விரும்புகிறவர்களுக்குச் சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது.

இன்னும் குறைந்த வாடகைக்கு, நாகர்கோவில் ரயில் பாதையோடு போங்கள். நேமம் ரயில் நிலையத்துக்கு இப்போது திருவனந்தபுரம் சவுத் என்று பெயர். அதைத் தாண்டினால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை. ஊருக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இவை இரட்டை லாபம். நெடுமங்காடு, மலயின்கீழ் பக்கமும் வாடகை இறங்கும். அங்கே ரயில் இல்லை. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வலியதுறை, சங்குமுகம், பூந்துறை போன்ற கடற்கரைப் பகுதிகளில் கடல் கரையை அரிக்கிறது. அங்கே மலிவாகக் கிடைக்கும் வீட்டை, கடல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் எடுக்காதீர்கள்.

பலகை தொங்காத வீடுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. கட்டியவர்கள் வளைகுடாவிலோ வேறு ஊரிலோ இருப்பார்கள். வாடகை வருவதைவிட, வீடு கெடாமல் இருப்பதும் கேட்டதும் காலி செய்து தருவதும் அவர்களுக்கு முக்கியம். அதனால் முகம் தெரியாதவருக்குக் கொடுப்பதில்லை, பலகையும் தொங்கவிடுவதில்லை. தெரிந்தவர் ஒருவர் ‘நல்ல குடும்பம்’ என்று சொன்னால் சந்தை வாடகையைவிடக் குறைத்தே கொடுப்பார்கள். நல்ல வீடு நியாயமான வாடகைக்குப் பெரும்பாலும் இந்த வழியில்தான் கிடைக்கிறது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வேலை செய்யும் இடத்தில் கூட வேலை பார்ப்பவர்கள். அடுத்தது நீங்கள் குறிவைத்த தெருவின் பலசரக்குக் கடை, தேங்காய்க் கடை, இஸ்திரி போடுபவர், ஆட்டோ ஸ்டாண்டு. எந்த வீடு காலி, எந்த வீட்டில் யாரும் ஒரு வருடம்கூட நிற்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கும் அடுத்தது ரெசிடென்ஸ் அசோசியேஷன். இந்த நகரத்தில் சந்துக்குச் சந்து குடியிருப்போர் சங்கம் உண்டு. வீட்டுச் சுவரிலேயே சங்கத்தின் எண் எழுதியிருக்கும். செயலாளரைப் பார்த்து, நான் இன்ன ஊர், இன்ன வேலை, குடும்பத்தில் இத்தனை பேர் என்று சொல்லி உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கோயில், சர்ச், பள்ளிவாசல் வழியாகவும் தமிழ்ச் சங்கம் வழியாகவும் சொல்லி வைக்கலாம்.

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் குழுக்கள், மலையாள நாளிதழ்களின் வரி விளம்பரம் ஆகியவை அந்தப் பகுதியில் என்ன வாடகை ஓடுகிறது என்று அறிய நல்லவை. ஆனால் வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ‘பட்டாளத்தில் இருக்கிறேன், ஊரில் இல்லை, டோக்கன் மட்டும் போட்டு வையுங்கள், சாவி கூரியரில் வரும்’ என்று யாராவது சொன்னால் அது மோசடி. புரோக்கர் மூலமாகப் போனால், கமிஷன் எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை முதல் வீட்டைப் பார்க்கும் முன்பே பேசுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கமிஷன் என்பதில் உறுதியாக நில்லுங்கள்.

தனியாக வரும் இளைஞர்களுக்கு ‘ஃபாமிலிக்கு மாத்ரம்’ என்ற வாசகம் பெரிய தடை. சமையல், மதம், ஊர் என்று கேட்டுக் கதவை மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அநியாயம்தான், ஆனால் அந்த வாசலில் நின்று வாதாடி ஒரு நாளைத் தொலைக்க வேண்டாம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, அலுவலக அடையாள அட்டையோடு, எல்லார் பெயரிலும் ஒப்பந்தம் போடுகிறோம் என்று போனால் திறக்கும் கதவுகள் உண்டு.

கேரளத்தில் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறக்கும். குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில் வீடு மாறும். அப்போது போட்டி அதிகம். முடிந்தால் துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) பெய்யும் அக்டோபர், நவம்பரில் தேடுங்கள். வீடு தன் குறையை மறைக்க முடியாத மாதங்கள் அவை.

வீட்டைப் பார்க்கும் நாள்

பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை, வாய்த்தால் மழைக்கு நடுவே ஒரு முறை பாருங்கள்.

தண்ணீர். நகரத்துக் குழாய்த் தண்ணீர் கரமனை ஆற்றின் பேப்பாறை, அருவிக்கரை அணைகளிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் ரயில் பாதைப் பணிக்காகக் குழாயை இடம் மாற்றியபோது நகரத்தின் பெரும்பகுதி நாள்கணக்கில் வறண்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் கிணறு இருந்த வீடுகள் தப்பின. எனவே குழாய், கிணறு இரண்டும் இருக்கும் வீட்டுக்கு முதலிடம் கொடுங்கள். கிணற்றை எட்டிப் பாருங்கள். மோட்டாரைப் போடச் சொல்லி ஒரு குவளை பிடித்து மணத்தையும் நிறத்தையும் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் வற்றுமா என்பதை வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் தனித்தனியாகக் கேளுங்கள். மேட்டில் இருக்கும் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இரவில் மட்டும் ஏறும். கீழ்த்தொட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெள்ளம். 2023 அக்டோபர் மழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம் பக்கத் தாழ்வான வீடுகளும், தெற்றியார் தோடு பெருகி டெக்னோபார்க்கை ஒட்டிய இடங்களும் மூழ்கின. தம்பானூரில் கனமழைக்குத் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த செய்தி. தோடு, வாய்க்கால், வயலாக இருந்து நிரப்பிய இடம் ஆகியவை பக்கத்தில் இருந்தால் வீட்டின் தரை தெருவைவிட உயரமா என்று பாருங்கள். சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் புதுப் பெயிண்ட், கதவு நிலையின் அடியில் உப்பிய மரம், துருப்பிடித்த பீரோக் கால், வழக்கத்தைவிட உயரத்தில் வைத்த பிளக் பாயின்ட் ஆகிய நான்கும் வாயில்லாத சாட்சிகள். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

கரண்ட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை இங்கே இல்லை. கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் பில்லும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறும். மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முழுவதற்கும் ஒரே உயர்ந்த விலை. கீழே வீட்டுக்காரர், மேலே நீங்கள், மீட்டர் ஒன்று என்றால் இருவர் செலவும் சேர்ந்து உயர்ந்த படிக்குப் போய்விடும். நீங்கள் சிக்கனமாக இருந்தும் கூடுதலாகக் கட்டுவீர்கள். தனி மீட்டர் வேண்டும் என்று கேளுங்கள். 13 இலக்க கன்ஸ்யூமர் நம்பரைக் குறித்துக்கொண்டு, பாக்கி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு குடியேறுங்கள்.

கழிவு. பாதாளச் சாக்கடை நகரத்தின் நடுப்பகுதிக்குத்தான் உண்டு. 2010-இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் பகுதிகளில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். அது கிணற்றிலிருந்து நடந்து அளந்தால் பத்துத் தப்படியாவது தள்ளி இருக்க வேண்டும். குப்பைக்கு இங்கே தெருத்தொட்டி கிடையாது. சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக்கை ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதக் கட்டணத்துக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கட்டண ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நாவில் வைத்துக்கொள்ள வேண்டிய வாக்கியங்கள்

திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தமிழ் ஓரளவு புரியும். இருந்தாலும் நான்கு வார்த்தை மலையாளத்தில் பேசினால் முகம் மலரும். வயதில் மூத்த ஆணைச் சேட்டா என்றும் பெண்ணைச் சேச்சி என்றும் அழைக்கலாம். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவரைச் சார் என்பது வழக்கம்.

‘இவிடெ வீடு வாடகய்க்கு உண்டோ?’ – இங்கே வாடகைக்கு வீடு இருக்கிறதா?
‘வாடக எத்ரயா? அட்வான்ஸ் எத்ரயா?’ – வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு?
‘குறச்சு குறய்க்காமோ?’ – கொஞ்சம் குறைக்கலாமா?
‘வேனலில் கிணறு வற்றுமோ?’ – கோடையில் கிணறு வற்றுமா?
‘மழயத்து வெள்ளம் கேறுமோ?’ – மழைக்கு உள்ளே தண்ணீர் ஏறுமா?
‘மாறும்போள் அட்வான்ஸ் திரிச்சு தருமோ?’ – காலி செய்யும்போது அட்வான்ஸ் திருப்பித் தருவீர்களா?

ஒரு வார்த்தையில் ஏமாற வேண்டாம். முறி என்றால் அறை. ‘ரண்டு முறி’ என்று சொன்னால் மொத்தமே இரண்டு அறையா, படுக்கையறை இரண்டா என்று மறுபடியும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஒற்றிக்கு எடுப்பவர்கள்

நம் ஊரில் ஒத்தி என்பதை இங்கே ஒற்றி அல்லது பணயம் என்பார்கள். பெரிய தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இருந்து, முடிவில் தொகையைத் திரும்பப் பெறும் முறை. 5 லட்சம் ரூபாய்க்கு 7 சதவீத வங்கி வட்டி ஆண்டுக்கு 35,000, மாதத்துக்கு ஏறக்குறைய 2,900. அந்த வாடகைக்கு ஒரு வீடு என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் முதல் திரும்பி வர வேண்டுமே.

சட்டத்தின் பார்வையில் இது அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாய்க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட அடமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. பணம் கொடுக்கும் முன், வில்லங்கச் சான்றை எடுங்கள். பாத்யதா சர்ட்டிபிக்கற்று, குடிக்கட சர்ட்டிபிக்கற்று என்று கேட்டால் புரியும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், தவணை நின்றதும் வங்கி உங்கள் கதவைத் தட்டும். வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது, ஆதாரத்தின் (கிரயப் பத்திரத்தின்) நகல் இரண்டும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். பதிவு செய்ய வீட்டுக்காரர் மறுத்தால் ஒற்றியை விட்டுவிட்டு வாடகை வீடு பாருங்கள். வாழ்நாள் சேமிப்பை ஒரு மனிதரின் வாய்ச்சொல்லை நம்பி வைக்காதீர்கள்.

வாடகச்சீட்டு

வாடகை ஒப்பந்தத்துக்கு இங்கே வாடகச்சீட்டு என்று பெயர். ஆதாரமெழுத்து அலுவலகத்தில் மலையாளத்தில் எழுதித் தருவார்கள். மலையாள எழுத்துத் தெரியாதவர்கள் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் தெரிந்தவரை வைத்து ஒரு வரி விடாமல் வாசித்துக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

சீட்டில் இவை இருக்க வேண்டும்: மாநகராட்சி எல்லைக்குள் என்றால் டி.சி. நம்பர் என்னும் கட்டட எண், பஞ்சாயத்தில் என்றால் பஞ்சாயத்துக் கட்டட எண். வாடகை, கொடுக்கும் தேதி. அட்வான்ஸ் தொகை, காலி செய்த எத்தனை நாளில் திரும்ப வரும். புதுப்பிக்கும்போது எவ்வளவு கூடும். காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாத முன்னறிவிப்பு. பெயிண்டுக்கு என்று பிடித்தம் உண்டா, எவ்வளவு. கரண்ட், தண்ணீர், மெயின்டனன்ஸ் யார் பொறுப்பு. மோட்டார், கூரை ஒழுகல் போன்ற பெரிய பழுதுகள் யார் பொறுப்பு. பெயிண்டுப் பிடித்தத்தை எழுதாமல் விட்டால் கடைசி நாளில் சண்டை வரும்.

கையெழுத்துப் போடுபவர் உண்மையான உரிமையாளர்தானா? கட்டட வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், கையெழுத்துப் போடும் உறவினரிடம் முக்தியார் (பவர் ஆஃப் அட்டர்னி) பத்திரம் இருக்க வேண்டும். வாடகையையும் அட்வான்ஸையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்பவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சட்டம் எந்தப் பக்கம்

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் இங்கே செல்லாது. இங்கே நடப்பில் இருப்பது 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் உங்களை வெளியேற்ற அது இடம் கொடுப்பதில்லை. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, வீட்டைச் சேதப்படுத்தியது, அவருக்கே உண்மையான தேவை என்பன போன்ற காரணங்களைக் காட்டி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் ஆணை வாங்க வேண்டும். பாக்கிக்காக வழக்குப் போடுவதற்கும் முன்பே 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும். வெளியேற்றுவதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதும் சட்டப்படி தவறு.

இந்தப் பாதுகாப்பு வாடகையை ஒழுங்காகக் கொடுப்பவருக்கே முழுமையாகப் பயன்படும். ஒரு மாதம் முடியாமல் போனால் ஒளியாதீர்கள். முன்கூட்டியே போய்ச் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வையுங்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற பயத்தில்தான் வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டி வைக்கிறார்கள். சொன்ன தேதியில் காலி செய்யும் ஒவ்வொரு குடும்பமும் அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

சிகிச்சைக்காக வருகிறவர்கள்

1951-இல் தொடங்கிய மெடிக்கல் காலேஜ் வளாகத்தைச் சுற்றி ரீஜனல் கேன்சர் சென்டரும் ஸ்ரீசித்திரா மருத்துவமனையும் இருக்கின்றன. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் தினமும் வருகிறார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு வாரக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும். லாட்ஜில் நாள் வாடகை கொடுத்துக் கையில் இருந்ததை எல்லாம் கரைத்துவிட்டு, மருந்துக்குப் பணமில்லாமல் நிற்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் முதலில் போக வேண்டியது மருத்துவமனையின் சமூக சேவகர் அறைக்கு. இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ தங்க இடம் தரும் தொண்டு அமைப்புகளின் விவரம் அங்கே கிடைக்கும். அது அமையவில்லை என்றால், உள்ளூர் என்னும் பகுதி, குமாரபுரம், முறிஞ்ஞபாலம் பக்கம் சமையல் வசதியோடு அறைகளை வார, மாதக் கணக்கில் விடும் வீடுகளைத் தேடுங்கள். சிகிச்சை எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டபிறகு பேரம் பேசுங்கள். நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால் மீதித் தொகை திரும்புமா என்பதை எழுதி வாங்குங்கள். நோயாளிக்கு மாடிப்படி கூடாது. கழிவறை அறையோடு சேர்ந்து இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைவு என்று தூரத்தில் எடுத்தால் ஆட்டோவிலேயே அது போய்விடும்.

குடியேறும் நாளும் காலி செய்யும் நாளும்

சாமான் இறக்கும் முன்பே வீடு முழுவதையும் செல்பேசியில் படம் பிடியுங்கள். விரிசல், ஒழுகிய கறை, உடைந்த தாழ்ப்பாள், மீட்டரில் அன்றைய எண் என எல்லாம் பதிவாகட்டும். அதை அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டுக்காரர் ஆதார் நகல் கேட்பார். போலீஸ் நிலையத்தில் விவரம் கொடுக்க அது வேண்டும், தயங்காதீர்கள். கும்பமாசம் (மாசி) வரும் ஆற்றுக்கால் பொங்காலை அன்று மணக்காடு, கிழக்கேகோட்டை வட்டாரத் தெருக்கள் அடுப்புகளால் நிறைந்திருக்கும், வண்டி நுழையாது. அந்த நாளைத் தவிர்த்துவிட்டு வேறு நாளில் பால் காய்ச்சுங்கள்.

காலி செய்யும்போது சீட்டில் எழுதியபடி முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். கரண்ட், தண்ணீர் பில்லைக் கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைக் கழுவி, வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து பார்த்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, அட்வான்ஸ் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

கண்ணம்மூலை வீட்டை நான் 2024 தொடக்கத்தில் காலி செய்தேன். கடைசி வாரம், பாலராமபுரத்திலிருந்து ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். சுவருக்கு மறுபடியும் முழங்கால் உயரம் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. அந்தப் பெண் குழாயைத் திறந்து பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். அவள் கேட்கவில்லை. பெயிண்டின் விளிம்பில் விரலை வைத்து, ‘இந்த உயரத்துக்கு ஏறும்மா’ என்று நானாகவே சொன்னேன். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.